கால் மாறியும் அதே ஆட்டம்

மதுரையில் இன்னும் அன்றாடம் ஓடுகிற பழைய அம்பாசடர் ஒன்றின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், முதலில் தேட வேண்டியவை ஒரு துண்டு வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும். பானெட்டைத் தூக்கி, சேஸ் நம்பர் இருக்கும் இடத்தில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, தாளை அதன்மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார்கள். தாள் கறுத்துக்கொண்டே வரும். நடுவே எழுத்தும் எண்ணும் வடிவெடுத்து நிற்கும். அந்தத் தாள் விண்ணப்பத்தோடு சேர்ந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொந்த உபயோகக் காருக்கு முதலில் 15 ஆண்டு கொடுக்கிறது. அதன் பின் ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்துக்கொள்ள வேண்டும். 1985இல் பதிவான வண்டி 2025வரை இப்படி ஆறு முறை போய் நின்றிருக்கும். ஆறு முறையும் அரசு ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கும்: இது அன்று பதிவான அதே வண்டி. அந்த ‘அதே’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? சின்னக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் உடம்பு, உயிர், கோயில், தெய்வம் என்று இந்த வைகைக் கரையில் காலங்காலமாக நடந்த வாதங்களின் முனை இதற்குள் இருக்கிறது.

நாற்பது ஆண்டில் அந்த வண்டியில் என்னென்ன மாறியிருக்கும் என்று பார்ப்போம். டயர், பேட்டரி, பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், ஃபேன் பெல்ட் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அவை மனிதனுக்கு நகமும் முடியும் போல. கிங் பின்னும் புஷ்ஷும் பல தடவை மாறியிருக்கும். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் ஒடிந்தவை போய்ப் புதியவை வந்திருக்கும். ஒயரிங் முழுக்கப் புதிது, சீட்டுத் துணி மூன்றாவதோ நான்காவதோ. இன்ஜினுக்கு நடப்பது இன்னும் ஆழமானது. சிலிண்டர் தேய்ந்து வண்டி நீலப் புகை தள்ளத் தொடங்கினால் பிளாக்கைக் கழற்றி லேத் பட்டறையில் போரிங்குக்குக் கொடுப்பார்கள். தேய்மானத்துக்கு அங்கே மருந்து, இன்னும் கொஞ்சம் தேய்ப்பதுதான். கோணலாகத் தேய்ந்த துளையைச் சுற்றிவரச் சமமாகக் குடைந்து, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 20 பங்கு பெரிதான பிஸ்டனைப் போடுவார்கள். அடுத்த முறை 40. அதற்கு மேல் குடைந்தால் சுவர் தாங்காது என்ற நிலை வரும்போது ஸ்லீவ் இறக்கி, மறுபடியும் ஆரம்ப அளவுக்கே கொண்டுவருவார்கள். அப்போது பிஸ்டன் உரசி ஓடும் சுவர் உத்தர்பாராத் தொழிற்சாலையில் வார்த்த இரும்பு இல்லை. அளவு மட்டும் அங்கே வைத்த அளவு. பெட்ரோல் இன்ஜினையே இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டிகளும் உண்டு. சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அனுமதி பெற்று அதை ஆர்.சி.யில் எழுதிவிட்டால் போதும். சரி, நம்பர் பொறித்த இடமாவது பழையதா? அம்பாசடருக்கு லாரியைப் போலத் தனிச் சட்டகம் கிடையாது, பாடியேதான் சட்டகம். அந்தப் பாடியில் துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, கதவுகளின் அடிப்பகுதியை ஒட்டி, டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று ஒவ்வொரு சுற்றாக வேலை நடந்திருக்கும். கடைசியில் அன்றைய இரும்பு என்று உறுதியாகச் சொல்ல நம்பரைச் சுற்றியுள்ள கையகல இடம்தான் மிஞ்சும்.

இதே புதிரைக் கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்துப் போட்டார்கள். பலகை பலகையாக மாற்றிய பிறகும் அது தீசியஸின் கப்பல்தானா என்று அவர்கள் வாதாடியதைப் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். நமக்கு இன்னும் பக்கத்தில், சக்கரமுள்ள ஒரு பொருளை வைத்தே வந்த கேள்வி ‘மிலிந்த பன்ஹா’வில் இருக்கிறது. தேரில் வந்து இறங்கிய மிலிந்தன் என்ற யவன அரசனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி கேட்கிறார்: அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எல்லாவற்றையும் ஒரு குவியலாகப் போட்டால் அது தேரா? இவை தவிர வேறு எங்காவது தேர் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே அரசன் சொல்கிறான். அப்படியானால் ‘தேர்’ என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு நாம் இட்டு வழங்கும் பெயர் மட்டுமே. மனிதனும் அப்படித்தான் என்று நாகசேனர் முடிக்கிறார். கணத்துக்குக் கணம் தோன்றி அழிவதன் ஓட்டம்தான் உண்டு, ஓட்டத்துக்கு அடியில் நிற்பது எதுவும் இல்லை. இந்தப் பார்வை மதுரைக்கு அந்நியமானது அல்ல. மதுரைக் கூலவாணிகன் என்று மரபு குறிப்பிடும் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை, பௌத்த தருக்கத்தையும் சார்பில் தோன்றும் காரண காரியத் தொடரையும் தமிழில் விரித்துரைக்கிறது.

மறுபக்கத்து வாதமும் தமிழிலேயே எழுந்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்று நிறுவும்போது எடுக்கும் காரணங்களில் ஒன்று மிக எளிமையானது: நாம் ‘என் உடல்’ என்கிறோம், ‘என் கை’ என்கிறோம், உடைமை வேறு, உடையவன் வேறு. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் எல்லாம் கணத்துக்குக் கணம் அழிகிறது என்ற பௌத்தரின் கணபங்க வாதத்தை நீளமாக மறுக்கிறார். இரண்டுக்கும் நடுவே நிற்பது சமணம். சமணர்மலை, ஆனைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று மதுரையைச் சுற்றிய குன்றுகளில் கல்லில் படுக்கை வெட்டித் தங்கிய அந்தத் துறவியரின் சமயம், தோன்றுதல், அழிதல், நிலைத்தல் மூன்றும் சேர்ந்ததே உள்பொருள் என்று கொள்கிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் அதுவே உள்பொருளின் இலக்கணம். பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்தால் குடம் அழிந்தது, மகுடம் பிறந்தது, பொன் நின்றது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் நம் வண்டிக்கு இந்த உவமை ஒத்துவரவில்லை. வண்டியில் பொன்னே மாறிவிடுகிறதே! வடிவம் நிற்கிறது, இரும்பு போய்விடுகிறது. வடிவத்தையே நிலைபேறு என்று கொள்ளலாமா என்றால் அதுவும் தள்ளாடுகிறது. ஒரே அச்சில் வார்த்த அம்பாசடர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வடிவம் ஒன்று என்பதால் அவை எல்லாம் ஒரே வண்டி ஆகிவிடா.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாகசேனர் பாதி சரி. வண்டிக்குள் எங்கே தேடினாலும் ‘அதே’ கிடைக்காது. ஆனால் அதனால் ‘அதே’ என்பது வெறும் பெயர் ஆகிவிடாது. அது பொருளுக்கு வெளியே நடக்கும் ஒரு செயலில் இருக்கிறது. அந்தச் செயலுக்குத் தமிழில் பழைய சொல் ‘காத்தல்’. ஒருவர் விடாமல் ஓட்டுகிறார், விடாமல் கவனிக்கிறார், கெட்டதை மாற்றுகிறார், கெடாததை வைத்துக்கொள்கிறார்; அந்தத் தொடர்ச்சி அறுபடாத வரையில் வண்டி ஒன்று. வண்டி தன்னைத்தானே தொடர முடியாது, அது சடம். சடத்துக்கு ஒருமையைக் கொடுப்பது அறிவுள்ள ஒன்றின் இடைவிடாத ஈடுபாடுதான் என்ற இடத்தில், மெய்கண்டாரும் அருணந்தியும் போன்ற சைவ சித்தாந்திகள் பக்கம் நிற்கிறேன். உலகம் சடம், அது தானாக இயங்காது, இயக்குபவன் வேண்டும் என்பது அவர்களுடைய முதல் வாதம். அங்கிருந்து அவர்கள் இறைவனிடம் போகிறார்கள். இங்கே ஓர் இரும்புப் பெட்டிக்கு மட்டும் அந்த வாதத்தைக் கடன் வாங்குகிறேன்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை என்பதற்கு வலுவான சான்று கோயில்தான். கட்டடங்களைக் காக்கிற சமூகங்கள் பல உண்டு. எதை மாற்றினால் அது அதுவாகவே இருக்கும், எங்கே அறுபடும் என்று இவ்வளவு நுணுக்கமாக வகுத்துவைத்தவை குறைவு. குடமுழுக்கைப் பொதுவாக நான்காகப் பிரிப்பார்கள். புதுக்கோயிலுக்கு ஆவர்த்தம். வழிபாடு நின்றுபோய் ஆற்றாலோ கடலாலோ சிதைந்த கோயிலை மறுபடி எழுப்பினால் அநாவர்த்தம். வழிபாட்டில் இருக்கும் கோயிலைத் திருப்பணி செய்தால் புனராவர்த்தம். திருட்டு முதலியவற்றால் தீட்டுப்பட்டால் அந்தரிதம். பிரிக்கிற அளவுகோலைக் கவனிக்க வேண்டும். எத்தனை கல் மாறியது, எத்தனை தூண் புதிது என்பது பொருட்டே இல்லை. வழிபாடு தொடர்ந்ததா, நின்றதா என்பதே பெரும் பிரிவு. அதனால்தான் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம். மூலவரின் ஆற்றலைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்துக்கும் அங்கிருந்து சிறு உருவத்துக்கோ பலகையில் வரைந்த படத்துக்கோ மாற்றி, கருவறைக்குள் வேலை நடக்கும்போதும் அதற்குரிய பூசை ஒரு நாளும் நிற்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு பீடத்தில் பழைய மருந்தைச் சுரண்டியெடுத்து அஷ்டபந்தனம் சாத்துவது. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் சேர்த்து இடித்து, சூடாறும் முன் கையால் உருட்டிச் சிலைக்கும் பீடத்துக்கும் இடையே அடைப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது புதிதாக வேண்டும். மருந்துக்குக் காலக்கெடு உண்டு என்று தெரிந்தே வைத்த ஏற்பாடு இது. மீனாட்சி கோயிலில் 2009 ஏப்ரல் 8இல் குடமுழுக்கு நடந்தது. 2018 பிப்ரவரி 2இல் வீரவசந்தராயர் மண்டபம் தீயில் சிதைந்தபோது மறுகட்டுமானத்துக்கு நாமக்கல் மாவட்டத்திலிருந்து கல் எடுக்க ஏற்பாடாயிற்று. புதுக்கல் வந்தால் அது வேறு கோயிலாகிவிடும் என்று மதுரையில் யாரும் நினைக்கவில்லை. கேட்டதெல்லாம், எப்போது முடியும் என்பதுதான்.

வழிபாடு அறுந்த காலமும் மதுரைக்கு உண்டு. 1311இல் மாலிக் காபூர் படையெடுப்பு, பிறகு மதுரை சுல்தான்களின் ஆட்சி, அதன் பின் விஜயநகரத்துக் குமார கம்பணர் வருகை. அந்தப் பல பத்தாண்டுகளைப் பற்றி ஊர் வைத்திருக்கும் மரபுக்கதை என் வாதத்துக்கு மிக வேண்டியது. கருவறை வாசலை அடைத்துச் சுவர் எழுப்பி, முன்னால் வேறொரு லிங்கத்தை வைத்து மூலவரை மறைத்துவிட்டார்கள். திறந்து பார்த்தபோது உள்ளே ஏற்றிவைத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சாத்திய சந்தனம் உலரவில்லை என்கிறது மரபு. அது நடந்ததா என்ற விசாரணை எனக்கு முக்கியமில்லை. ஏன் விளக்கு எரிய வேண்டியிருந்தது? கல் பத்திரமாக இருந்தது என்று சொன்னால் போதாதா? கல் அதேதான் என்பதில் ஐயம் இல்லாத இடத்திலும் ஊரின் மனம் ஆறவில்லை. நடுவில் அறுபடாத ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அந்த ஒன்று, எரிகிற சுடராக வந்தது. சுடரோ கணந்தோறும் மாறுவதற்குப் பௌத்தர்களே எடுத்துக்காட்டும் உவமை.

இப்போது வண்டிக்கு வருவோம். எல்லாம் தொழிற்சாலை உறுப்பாகவே இருந்து, இருபது ஆண்டாக ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் அம்பாசடர் ஒன்று. பாதிக்கு மேல் மாறிவிட்டாலும் காலையில் மேலூருக்கும் மாலையில் திருமங்கலத்துக்கும் போய்வருகிற அம்பாசடர் ஒன்று. எது 1985இன் வண்டி? பொருளைப் பார்ப்பவர் முதலாவதைச் சொல்வார். நான் இரண்டாவதைச் சொல்வேன், தயங்காமல். விந்தை என்னவென்றால் சட்டமும் இந்த இரண்டு ‘அதே’க்களையும் பிரித்து வைத்திருக்கிறது. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதி, ஐம்பது ஆண்டுக்கு மேலான, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி நம்பர் தருகிறது. கூடவே, அதை அன்றாட உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது என்கிறது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம். உடல் மாறாத வண்டிக்கு அன்றாட ஓட்டம் மறுக்கப்படுகிறது. ஓட வேண்டுமென்றால் பழைய வழியில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியை மெய்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிக்கும் கோயில் உற்சவருக்கும் உள்ள வேறுபாடு இது. முன்னதை யாரும் தொடக் கூடாது. பின்னதை அன்றாடம் தொட்டு, குளிப்பாட்டி, தூக்கிச் சுமந்தே தேய்க்கிறோம். இரண்டுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் ஒன்றின் மதிப்பை மற்றதன் தராசில் நிறுக்க முடியாது.

இதற்கு எழும் முதல் மறுப்பு கூர்மையானது. 1655இல் தாமஸ் ஹாப்ஸ் தீசியஸ் கப்பலுக்கு ஒரு திருகு கொடுத்தார்: கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் மறுபடி ஒரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? மாற்றிப் போட்ட பிளாக், கதவு, பட்டை எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையிலிருந்து தேடியெடுத்து ஒருவர் இன்னொரு வண்டி கட்டினால்? சாத்தனார் இதைவிட அழுத்தமான காட்சியை நமக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மதுரையில் சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், நாட்டில் மழை செழித்துப் பசித்து வருவோர் இல்லாமல் போனபின், மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். அடுத்த பிறவியில் சாவக நாட்டின் புண்ணியராசனாகப் பிறந்து, அதே தீவுக்கு வந்து, புன்னை மரத்தடி மணலைத் தோண்டித் தன் பழைய உடலின் எலும்புகளைக் கண்ணால் காண்கிறான். பழைய உறுப்புகளின் குவியல் இங்கே, தொடரும் வாழ்வு அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆபுத்திரன் எது? காப்பியம் தயங்கவில்லை. எலும்பு ஆபுத்திரனுடையது, ஆபுத்திரன் நின்று பார்ப்பவன். பழைய பலகையில் கட்டிய கப்பல் தீசியஸ் கப்பலின் எலும்பு. அதற்கு மரியாதை உண்டு. அது கடலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

இந்த வாதத்தைத் திருடனும் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நொறுங்கிய வண்டியின் நம்பரை வெட்டியெடுத்துத் திருட்டு வண்டியில் பற்றவைப்பது உலகெங்கும் நடக்கிற மோசடி. அங்கே காகிதத்தின் தொடர்ச்சி இருக்கிறது, காத்தலின் தொடர்ச்சி இல்லை. எண் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. பென்சில் தேய்ப்பு ஒரு சாட்சிதான். சாட்சியைப் பொய்யாக்க முடியும் என்பதால் உண்மை இல்லை என்று ஆகாது. விற்றுவிட்டால் என்ன ஆகும், காப்பவர் மாறினால் வண்டியும் மாறுமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. கைமாறுவது எப்படி என்பதைப் பொறுத்தது. அம்பாசடரின் பெட்ரோல் பம்பு இன்ஜினிலேயே பொருத்தியிருக்கும். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் சித்திரையில் நெரிசலில் நின்று நின்று போனால் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி, வண்டி இருமி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். துணி எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் சொட்டாமல் எப்படிச் சுற்ற வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத கைப்பழக்கம். சாவியோடு இதுவும் கைமாறினால் வண்டி தொடர்கிறது. பூசகர்கள் தலைமுறை தலைமுறையாக மாறியும் கோயில் தொடர்வது இப்படித்தான்.

என்னை உண்மையில் தொந்தரவு செய்கிற மறுப்பு வேறு. தொடர்ச்சிதான் எல்லாம் என்றால் பழைய பொருளை அலட்சியமாக அழிக்க இந்த வாதமே அனுமதிச் சீட்டு ஆகிவிடும். தமிழ்நாட்டுக் கோயில்களில் அது நடந்தும் இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் தூண்களின் தோலை உரித்தார்கள், கல்வெட்டின் எழுத்து மழுங்கியது, ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு ஏறியது. பூசை நிற்கவில்லையே என்று அதை நியாயப்படுத்த முடியாது. காத்தல் என்ற சொல்லின் முழுப் பொருள் இங்கேதான் தேவைப்படுகிறது. மாற்றுவது காத்தல் ஆகாது. மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவதுதான் காத்தல். பெரிய உறுப்புச் சிதைந்த திருமேனிக்கும் சிற்றுறுப்பில் ஊறுபட்ட திருமேனிக்கும் ஆகமம் ஒரே தீர்ப்பு வழங்குவதில்லை. முன்னதை மாற்றச் சொல்லும், பின்னதைச் சரிசெய்யச் சொல்லும். நல்ல மெக்கானிக்கும் 20இல் முடியும் சிலிண்டரை 40க்குக் குடைய மாட்டார். அடுத்த போரிங்குக்கு இரும்பு மிச்சம் வைப்பது அவருக்கு அறம், ஏனென்றால் அந்த இரும்பு இன்னும் பிறக்காத ஒரு பழுதுக்குச் சேர வேண்டியது. நல்ல நிலையில் இருக்கும் கதவை, பளபளப்புக்காக, புதுக்கதவாக மாற்றுபவர் வண்டியைக் காக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறார்.

பற்று என்று சொல்லித் தள்ளுவாரும் உண்டு. இரும்பின் மேல் இவ்வளவு பிடிப்பு எதற்கு, அநித்தியம் என்று மூன்று சமயமும் முழங்கிய ஊரில்? ஆனால் நிலையாமை தெரியாதவரால் பழைய வண்டியை ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. தேய்மானத்தை மறுப்பவருக்குப் புதுப்பொருள்தான் வேண்டும். கேஸ்கட் போகும், பாயிண்ட் கருகும், ஹோஸ் வெடிக்கும் என்று தெரிந்து, டிக்கியில் ஒரு ஃபேன் பெல்ட்டை வைத்துக்கொண்டு கிளம்புபவர் அழிவோடு தினமும் பேசிக்கொண்டிருக்கிறார். அவருடைய அன்பு மாறாமையின் மேல் வைத்த அன்பு இல்லை.

புகையைப் பற்றிய மறுப்பை இப்படி எளிதாகத் தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது. இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளின் புகைக்கு முதல் வரம்பு வந்ததே 1991இல். பாரத் ஸ்டேஜ் ஆறு நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரலில். கார்பரேட்டர் வைத்த, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத வண்டி இன்றைய வண்டியைவிடப் பல மடங்கு கெட்ட காற்றை விடுகிறது. புதுக்கார் ஒன்றைச் செய்ய எஃகு உருக்கும்போதும் புகை எழுகிறது என்ற பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் புகை எங்கோ எழுகிறது. இந்தப் புகை பெரியார் பஸ் நிலையத்தருகே பூ விற்பவரின் மூச்சில் போகிறது. ஆகவே என் வாதத்துக்கு ஒரு வேலி போடுகிறேன்: காத்தலின் வட்டத்துக்குள் தெருவும் சேர வேண்டும். ட்யூனிங்கிலும் ரிங்கிலும் சரியாக்க முடியாமல் புகைச் சோதனையில் தோற்கும் வண்டி நிற்க வேண்டும், அல்லது அதன் இன்ஜின் மாற வேண்டும். மின்மோட்டார் ஏற்றினால்? அப்போதும் அதே வண்டியா? என் வாதப்படி ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்க எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது, ஆனாலும் சொல்கிறேன். 1926இல் எரிந்துபோன திருவாரூர் ஆழித்தேருக்குப் பதில் புதுத்தேர் வந்தது; பிற்பாடு திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்பு அச்சும் சக்கரமும் ஏறின. இன்றும் அது ஆழித்தேர்தான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயு எந்திரங்களைச் செய்து தந்தது. பெட்ரோலை விட்டுக் கரியில் ஓடிய பஸ் வேறு பஸ்ஸாக மாறிவிட்டது என்று யாரும் ஏறாமல் இருக்கவில்லை.

ஐந்தொழிலில் படைத்தலுக்கு அடுத்து நிற்பது காத்தல். சைவம் அதைப் படைத்தலுக்குக் கீழான வேலையாக எண்ணவில்லை, இறைவனே செய்கிற தொழிலாக வைத்தது. நம் காலம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. வடிவமைத்தவர் பெயர் தெரிகிறது, ஸ்லீவ் இறக்கியவர் பெயர் தெரிவதில்லை. அம்பாசடருக்கோ படைத்தவரே இப்போது இல்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து 1950களின் பிற்பகுதியில் பிறந்த அந்தக் காரின் தயாரிப்பு 2014 மே மாதம் உத்தர்பாராவில் நின்றது. பெயரையும் 2017இல் பெஜோ நிறுவனத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். படைத்தல் முடிந்துபோன பின் இந்த வண்டிகள் ஓடுகிற ஒவ்வொரு நாளும் காத்தல் ஒன்றாலேயே ஓடுகின்றன. மதுரை வெள்ளியம்பலத்தில் நடராசர் இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற ஊர்களில் அரிதான கோலம். ஆடற்கலை கற்ற ராசசேகர பாண்டியன், ஒரு காலையே ஊன்றி ஆடினால் எவ்வளவு வலிக்கும் என்பதைத் தன் காலில் அறிந்து, கால் மாறி ஆடச் சொல்லி மன்றாடினான் என்கிறது திருவிளையாடல். வலியை அறிந்தவன் கேட்டான். நின்ற கால் மாறியது, ஆட்டம் நிற்கவில்லை.

இந்த ஆண்டுகளில் அந்த வண்டிகளுக்கு வந்திருக்கும் வலி, நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பம்பின் டயாஃப்ரத்தையும் கார்பரேட்டர் கேஸ்கட்டையும் அது ஊறவைத்து இற்றுப்போகச் செய்யும். 2000த்தில் ஈயமில்லாப் பெட்ரோல் நாடெங்கும் வந்தபோது வால்வு சீட்டுகளைக் கடினமானவையாக மாற்றிக்கொண்டு தப்பித்தது போல, இப்போது எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களைத் தேடி அளவு பார்த்து வெட்டிப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள்.